டில்னியின் ஓரக்குறிப்பு

முதுகலை ஆங்கில இலக்கிய வகுப்பில் எலிசபெத் காலத்து நாடகங்களைப் பல ஆண்டுகளாக நடத்திவரும் எனக்கு, வினாத்தாளில் மாறாமல் இடம்பெறும் ஒரு கேள்வியின் மீது தீராத மனக்குறை உண்டு. நாடகாசிரியரின் அரசியல் கருத்துகளை ஆராய்க என்பதே அந்தக் கேள்வி. மாணவர்கள் நாலு வசனங்களை மனப்பாடம் செய்துகொண்டு, ஷேக்ஸ்பியர் அரசரின் பக்கமா, மக்களின் பக்கமா என்று தீர்ப்பெழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அன்றைய ஆட்சியாளர்களை அதிகம் உறுத்தியது வசனத்தின் கருத்தல்ல, அது கூட்டத்தின் முன் நிகழ்த்தப்படுவதுதான் என்பது வகுப்பறையில் எனக்கு வலுப்பட்ட எண்ணம்.

இதைக் காட்ட ஒரு பயிற்சி வைத்திருக்கிறேன். ஷேக்ஸ்பியரும் சில பக்கங்களை எழுதியதாகக் கருதப்படும் ‘சர் தாமஸ் மோர்’ நாடகத்தில், 1517-இல் லண்டன்வாசிகள் வெளிநாட்டாருக்கு எதிராகக் கிளர்ந்தெழும் பகுதியை நகலெடுத்துக் கொடுத்து, ஆளுக்கொரு சிவப்புப் பேனாவையும் தந்துவிடுவேன். நீங்கள்தான் எட்மண்ட் டில்னி. 1579 முதல் 1610 வரை அரசவைக் கேளிக்கைகளின் தலைமை அதிகாரி. உங்கள் கையெழுத்து இல்லாமல் நாடகம் மேடையேறாது. படித்துப் பார்க்க 7 ஷில்லிங் கட்டணமும் உண்டு. இப்போது வெட்டுங்கள் என்பேன். அநேகமாக எல்லோரும் வெளிநாட்டாரைத் திட்டும் வரிகளையும் அரசரைத் தொடும் சொற்களையும் அடித்துவிட்டு, வேலை முடிந்தது என்று பேனாவை மூடிவிடுவார்கள்.

அதன் பிறகே கையெழுத்துப் படியின் முதல் பக்கத்தைத் திரையில் காட்டுவேன். ஓரத்தில் டில்னியே எழுதிய குறிப்பு இருக்கிறது. கலகத்தையும் அதன் காரணத்தையும் அடியோடு விட்டுவிட வேண்டும். மேயரின் நீதிமன்றத்தில் மோர் இருப்பதிலிருந்து நாடகம் தொடங்க வேண்டும். கலகத்தை அடக்க அவர் ஆற்றிய பணியைப் பின்னர் யாராவது சுருக்கமாகச் சொல்வதோடு சரி. மீறினால் விளைவு உங்கள் தலையில் என்பது அதன் சாரம்.

“சார், மோர் பேசினதும் கூட்டம் அடங்கிடுதே, இது அரசாங்கத்துக்குச் சாதகமான காட்சிதானே?” என்று ஒரு மாணவி கேட்டார். கருத்தை மட்டும் எடைபோட்டால் அவர் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் கூட்டம் அடங்குவதற்கு முன் எழுந்தாக வேண்டும். ஒரு பென்னி கொடுத்துவிட்டு அரங்க முற்றத்தில் நிற்கும் தொழில் பழகும் இளைஞர்களுக்கு எதிரே, அவர்களைப் போன்றவர்களே மேடையில் திரண்டு நிற்பார்கள். 1593-இல் வெளிநாட்டாரை மிரட்டும் சுவரொட்டி ஒட்டப்பட்ட நகரம் அது. கலகத்தைச் சொல்லலாம், காட்டக் கூடாது என்று பிரித்தறிந்த டில்னிக்கு நாடகக் கலை நன்றாகவே தெரிந்திருந்தது. அவரை வெறும் வில்லனாக நடத்தும் பாடநூல்களில் எனக்கு உடன்பாடில்லை.

‘இரண்டாம் ரிச்சர்ட்’ பாடத்தில் இதே விஷயம் மறுபக்கத்திலிருந்து வருகிறது. 1601 பிப்ரவரி 7 அன்று, அரசர் ஒருவர் பதவியிழந்து கொல்லப்படும் கதையை நடத்தித் தரும்படி எசெக்ஸ் பிரபுவின் ஆட்கள் ஷேக்ஸ்பியரின் குழுவைக் கேட்டு, வழக்கமான வருவாய்க்கு மேல் 40 ஷில்லிங் தந்தார்கள். மறுநாள் எலிசபெத் அரசியின் ஆட்சிக்கு எதிராக எசெக்ஸின் கிளர்ச்சி நடந்தது, தோற்றது. நாடகம் மிகப் பழையது, பார்க்க ஆள் வராது என்று முதலில் தயங்கியதாக நடிகர் அகஸ்டின் ஃபிலிப்ஸ் விசாரணையில் சொன்னார். குழுவுக்குத் தண்டனை எதுவும் இல்லை. எசெக்ஸ் தலை வெட்டப்படுவதற்கு முந்தைய நாள் அதே குழு எலிசபெத் அரசியின் முன்னிலையில் நடித்தது. புத்தகம் கடைகளில் கிடைத்துக்கொண்டிருந்தபோதும், கிளர்ச்சிக்காரர்கள் காசு கொடுத்து வாங்க நினைத்தது நிகழ்த்தலைத்தான்.

என் வாதத்துக்கு இடறலாக ஒரு செய்தியும் உண்டு. அதை வகுப்பில் நான் மறைப்பதில்லை. ரிச்சர்டை வீழ்த்திய நான்காம் ஹென்றியைப் பற்றி 1599-இல் வரலாறு எழுதி, அதை எசெக்ஸுக்கே காணிக்கையாக்கிய ஜான் ஹேவர்ட் சிறைக்குப் போனார். நடிகர்கள் வீட்டுக்குப் போனார்கள். அச்சில் ஏறிய காணிக்கை எழுதியவரின் சார்பை வெளிப்படையாகக் காட்டிவிடுகிறது. நடிகர்களோ கூலி வாங்கித் தொழில் செய்தவர்களாகத் தங்களைச் சொல்லிக்கொள்ள முடிந்தது. அதிகாரம் எப்போதும் ஒரே அளவுகோலை வைத்துக்கொள்வதில்லை என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்வேன்.

மாணவர்கள் மிகவும் ரசிப்பது நாடகாசிரியர் தாமஸ் மிடில்டனின் சதுரங்க நாடகத்தை. வெள்ளைக் காய்கள் இங்கிலாந்து, கறுப்புக் காய்கள் ஸ்பெயின். 1624 ஜூனில், டில்னி வகித்த பதவியில் அப்போது இருந்த ஹென்றி ஹெர்பர்ட் முறைப்படி அனுமதியளித்து, ஆகஸ்டில் குளோப் அரங்கில் 9 நாள்கள் கூட்டம் நெரிய ஓடிய பிறகு, ஸ்பானியத் தூதரின் புகாரால் அது நிறுத்தப்பட்டது. முன்னாள் தூதர் கோண்டமாரைக் காட்டுவதற்காக, அவர் உடுத்திக் கழித்த உடையையும் அவருடைய பல்லக்கையுமே நடிகர்கள் தேடிப்பிடித்து மேடையேற்றியதாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. விசாரணைக்கு அழைக்கப்பட்ட குழுவினர் ஹெர்பர்ட் ஒப்பமிட்ட படியைத்தான் எடுத்து நீட்டினார்கள். அவர் படித்துப் பார்த்த அந்தத் தாள்களில் பல்லக்கும் பழைய உடையும் கண்ணில் பட்டிருக்க வழியில்லை.