இரண்டாவது சன்னலருகே ஒரு ராணி

தொண்டிப் பக்கம் வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர், என்றால் அருளானந்தர்தான். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவரை வெட்டிக் கொன்றார்கள். அவர் ரத்தத்தால் சிவந்தது என்று நம்பி, அந்த மண்ணை இன்றும் பொட்டலம் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். அந்த மண்ணில் வளர்ந்த எனக்கு, தங்கள் ராணி கெத்தேவானின் ஓர் எலும்புத் துண்டுக்காகக் கடல் தாண்டி வந்து தேடிய ஜார்ஜியர்களின் மனம் நன்றாகவே புரிகிறது.

2024 டிசம்பரில், சவேரியார் உடலைத் தரிசிக்கப் பங்கு மக்களோடு பழைய கோவாவுக்குப் போயிருந்தேன். தரிசனம் முடிந்ததும் அகுஸ்தீனார் மடத்துக்குப் போகலாம் என்றேன். "இடிந்த கோவிலில் என்ன மதினி இருக்கிறது?" என்று கேட்டாள் என் நாத்தனார். மேட்டில் ஏறியதும் அவளே வாயடைத்து நின்றாள். 46 மீட்டர் உயரக் கோபுரத்தில் பாதி மட்டும் செம்புறைக் கல்லாக நிற்கிறது. கூரையே இல்லை. காலடியில் எங்கு பார்த்தாலும் பெயரும் குலச்சின்னமும் செதுக்கிய கல்லறைக் கற்கள்.

இங்கேதான் ராணி கெத்தேவானின் எலும்பு இருந்தது. அவர் ஜார்ஜியாவின் காகேத்தி நாட்டு அரசி. பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் அவரைப் பல ஆண்டுகள் ஷிராஸில் சிறைவைத்தார். மதம் மாற மறுத்ததால் 1624-இல் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் வதைத்துக் கொன்றார்கள். அங்கிருந்த அகுஸ்தீன் சபைத் துறவிகள் உடலை ரகசியமாகத் தோண்டி எடுத்தார்கள். ஒரு பகுதி ஜார்ஜியாவுக்குப் போனது. கை எலும்பு 1627-இல் கோவா மடத்துக்கு வந்தது.

அந்தத் துறவிகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். திருப்பண்டமான அந்த எலும்பைப் பத்திரப்படுத்தியதோடு நிற்காமல், வைத்த இடத்தையும் எழுதி வைத்தார்கள்: துறவியர் கூடும் சிற்றாலயம், பூசையில் நிருபம் (அப்போஸ்தலர் கடிதம்) வாசிக்கும் பக்கம், இரண்டாவது சன்னல், கல்பெட்டி. 1835-இல் துறவற சபைகளைப் போர்ச்சுக்கல் அரசு வெளியேற்றியது. ஆளில்லாத கோவிலின் வளைகூரை 1842-இல் சரிந்தது. 1931-இல் முகப்பும் கோபுரத்தில் பாதியும் விழுந்தன. மணி மட்டும் தப்பி, இப்போது பணஜி மாதா கோவிலில் ஒலிக்கிறது. சன்னலே இல்லாமல் போன பிறகு இரண்டாவது சன்னலை எங்கே போய்த் தேடுவது? இடிபாடுகளுக்குள் சிற்றாலயம் எது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு. தொல்லியல் துறையினரின் கையில் 2004-இல்தான் கை எலும்பு கிடைத்தது.

ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தில் குமாரசாமி தங்கராஜ் குழுவினர் அதன் தாய்வழி மரபணுவை ஆராய்ந்தார்கள். அந்த மரபுக்கூறு இந்தியர்களின் 22,000 மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. ஜார்ஜியர் 30 பேரைப் பார்த்தபோது இருவரிடம் இருந்தது. 2021 ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் அந்தத் திருப்பண்டத்தின் ஒரு பகுதியை ஜார்ஜியத் தலைநகர் திபிலிசிக்கே கொண்டுபோய் ஒப்படைத்தார்.

எனக்குள் இன்னும் கிடந்து உறுத்துவது வேறொன்று. அதே இடத்தில் கிடைத்து, சேர்த்துச் சோதிக்கப்பட்ட வேறு இரு எலும்புகளில் இருந்தது இந்தியத் தாய்வழி மரபு. ராணிக்கு ஒரு நாடே காத்திருந்தது. இந்த இருவரையும் பெற்றவள் எந்த ஊர்க்காரி? நாங்கள் அங்கேயே நின்று அவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொன்னோம்.

ஊர் திரும்பியதும் ஒரு நோட்டு வாங்கினேன். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் உப்புக்காற்று பெயர்களைத் தின்றுவிட்ட சிலுவைகள் நிறைய. எதன் அடியில் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு, வரிசையும் திசையும் குறித்து எழுதி வருகிறேன். கடலோரச் சுவரை ஒட்டிய வரிசை முடிந்தது. கிணற்றுப் பக்கத்து வரிசையில் யார் யார் என்று தெரிந்த உறவுக்காரர்கள் எனக்கு எழுதுங்கள். வெளியூரில் இருந்தாலும் பரவாயில்லை.