114 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாத கிராஃப்

நெட்வொர்க் ஸ்விட்ச்சின் ஒரு போர்ட்டில் இப்போது எவ்வளவு வேகத்தில் டேட்டா ஓடுகிறது என்று, நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்க உதவும் நெறிமுறையான எஸ்என்எம்பியிடம் கேட்டால், வேகத்தை அது சொல்வதில்லை. வீட்டு மின்சார மீட்டரைப் போல, இதுவரை உள்ளே வந்த பைட்டுகளின் ஏறுமுகக் கணக்கை மட்டுமே கருவிக்குள் இயங்கும் ஏஜென்ட் என்ற சிறு மென்பொருள் தருகிறது. கண்காணிப்பு சர்வர் குறித்த இடைவெளியில் யுடிபி 161ஆம் போர்ட்டில் (இது கேபிள் செருகும் போர்ட் அல்ல, மென்பொருள் பயன்படுத்தும் எண்) கேட்டு, புதிய எண்ணிலிருந்து பழைய எண்ணைக் கழித்து, இடைப்பட்ட நொடிகளால் வகுக்கிறது. கிராஃபில் நாம் காண்பது அந்த வகுத்தலின் விடைதான்.

நான் பொறுப்பேற்கும் எந்த நெட்வொர்க்கிலும் முதலில் பார்ப்பது, அந்தக் கழித்தல் எந்தக் கவுண்டரில் நடக்கிறது என்பதையே. எஸ்என்எம்பியில் எவற்றைக் கேட்கலாம் என்று வரையறுக்கும் பட்டியலாக 1991இல் வெளிவந்த எம்ஐபி-2இல், உள்ளே வந்த பைட்டுகளை எண்ணும் 'இஃப்இன்ஆக்டெட்ஸ்' 32 பிட் கவுண்டர்; 4,294,967,295ஐத் தொட்டதும் மீண்டும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். நூறு எம்பிபிஎஸ் (நொடிக்கு நூறு மெகாபிட்) லிங்க் முழு வேகத்தில் ஓடினாலும் அதற்கு ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஒரு ஜிகாபிட் லிங்க்கில் 34 நொடிகள் போதும். சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறதென்றால், அதற்குள் கவுண்டர் எட்டு முறை சுற்றி வந்திருக்கும். ஒரு சுற்றை, புதிய எண் பழையதைவிடக் குறைந்திருப்பதைக் கொண்டு சரிசெய்துகொள்ளலாம். எட்டுச் சுற்றுகளைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே லிங்க் நிரம்பி வழிந்தாலும் கிராஃப் சுமார் 114 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. பயனர்கள் இணையம் மெதுவாக இருக்கிறது என்று புகார் செய்ய, லிங்க்கில் இடமிருக்கிறது என்று நிர்வாகி மறுப்பதற்கு இது ஒன்றே போதும்.

இதற்கான தீர்வு 'இஃப்எச்சிஇன்ஆக்டெட்ஸ்' என்ற 64 பிட் கவுண்டர். அதே ஜிகாபிட் வேகத்தில் அது ஒருமுறை சுற்றி வர 4,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆனால் எஸ்என்எம்பியின் முதல் பதிப்புக்கு 64 பிட் கவுண்டரே தெரியாது. ஆகையால் கண்காணிப்பு சர்வரின் பழைய டெம்ப்ளேட்டில் (முன்கூட்டியே எழுதிவைத்த அமைப்புகளில்) முதல் பதிப்பு என்று இருந்தால், புத்தம் புதிய ஸ்விட்ச்கூட 32 பிட் எண்ணையே தரும்.

பதிப்பை மாற்றுவதென்று முடிவெடுத்த பின், 64 பிட் கவுண்டரைத் தரும் இரண்டாம் பதிப்பின் வடிவமான 2சியோடு நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதில் கடவுச்சொல்லைப் போலப் பயன்படும் கம்யூனிட்டி ஸ்ட்ரிங் மறையாக்கம் இல்லாமல் வயரில் செல்கிறது. பல இடங்களில் அது இன்றும் 'பப்ளிக்' என்றே இருக்கிறது. 2002இல் முழுத் தரநிலையான மூன்றாம் பதிப்பில் பயனர் சரிபார்ப்பும் மறையாக்கமும் உண்டு. 64 பிட் கவுண்டரும் அதில் கிடைக்கும்.