திஸ்கி எழுத்துருக்களை எக்ஸ் சாளரத்தில் பதிய வைத்த அனுபவம்

சிற்றிதழ் ஒன்றின் பழைய கட்டுரைகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை கைக்கு வந்தது. எல்லாமே திஸ்கியில் தட்டச்சு செய்தவை; எந்த எண்ணுக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று வகுத்த பழைய குறியாக்கம் அது, யூனிகோட் பரவும் முன் புழங்கியது. அன்று பயன்படுத்திய எழுத்துருக் கோப்புகளும் கூடவே கிடைத்தன. மாற்றியதைச் சரிபார்க்க வேண்டுமென்றால் மூலம் அதன் சொந்த எழுத்துருவில் எப்படித் தெரிந்தது என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். என் கணினியில் லினக்ஸ்; திரையில் சாளரங்களை வரைந்து காட்டுவது எக்ஸ் சாளர அமைப்பு.

முதலில் எல்லோரும் போகும் வழி. கோப்புகளை என் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, முனையத்தில், எழுத்துருப் பட்டியலைப் புதுப்பிக்கும் எஃப்சி-கேஷ் கட்டளையை எஃப், வி தெரிவுகளோடு ஓட்டினேன். ஒவ்வொரு கோப்புறையின் பெயரையும், அதில் எத்தனை எழுத்துரு கண்டது என்பதையும் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே போனது; பிழை ஏதும் இல்லை. அடுத்து, தமிழுக்கு உரியவற்றை மட்டும் காட்டச் சொல்லி எஃப்சி-லிஸ்டைக் கேட்டேன். லோகித், நோட்டோ என்ற யூனிகோட் எழுத்துருக்கள் வந்தன. திஸ்கி எழுத்துரு ஒன்றுகூட வரவில்லை.

காரணம் எளிது. ஒரு மொழிக்குத் தேவையான யூனிகோட் எழுத்துகள் எவை என்று, இந்தக் கட்டளைகளுக்குப் பின்னால் இருக்கும் ஃபான்ட்கான்ஃபிக் மென்பொருள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் ஒன்று குறைந்தாலும் அந்த எழுத்துருவை அந்த மொழிக் கணக்கில் சேர்க்காது. திஸ்கி எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் இல்லை. ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகளுக்கான இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஆகவே கணினிக்கு அது ஒரு லத்தீன் எழுத்துரு, அவ்வளவுதான்.

அதனால் பழைய வழிக்குப் போனேன். எக்ஸின் மைய நிரலான சேவையகத்துக்கு எழுத்துருக்களைத் தானே கையாளும் தனி ஏற்பாடு ஒன்று தொடக்கத்திலிருந்தே உண்டு. ஒரு கோப்புறையை அதன் தேடுபாதையில் சேர்க்க எக்ஸ்செட் கட்டளை. சேர்க்கப் பார்த்தால் மறுத்துவிட்டது. மறுப்புச் செய்தியே காரணங்களையும் அடுக்குகிறது: கோப்புறை இல்லாமல் இருக்கலாம், அனுமதி சரியில்லாமல் இருக்கலாம், ஃபான்ட்ஸ்.டிர் என்ற கோப்பு இல்லாமல் இருக்கலாம். இங்கே மூன்றாவதுதான் விஷயம். நூலகத்தில் புத்தகம் அலமாரியில் இருந்தாலும் பதிவேட்டில் ஏறாவிட்டால் கேட்டவருக்குக் கிடைக்காதே, அதே நிலை.

அந்தப் பதிவேட்டை உருவாக்க இரண்டு கட்டளைகள், வரிசை முக்கியம். எம்கேஃபான்ட்ஸ்கேல் முதலில். அது ட்ரூடைப் போன்ற அளவு மாற்றக்கூடிய எழுத்துருக்களைப் படித்து ஃபான்ட்ஸ்.ஸ்கேல் கோப்பை எழுதும். பிறகு எம்கேஃபான்ட்டிர். அது புள்ளிகளால் ஆன பிட்மேப் எழுத்துருக்களையும் அந்த ஸ்கேல் கோப்பில் உள்ளவற்றையும் சேர்த்து ஃபான்ட்ஸ்.டிர் எழுதும். சேவையகம் பார்ப்பது இந்த இரண்டாவது கோப்பைத்தான்.

அதைத் திறந்து பார்ப்பது நல்லது. சாதாரண உரைக் கோப்புதான். முதல் வரியில் ஓர் எண், கீழே எத்தனை பதிவுகள் என்று. அடுத்த ஒவ்வொரு வரியிலும் கோப்பின் பெயர், அதன் பக்கத்தில் சிறு கோடுகளால் பிரித்த 14 புலங்கள் கொண்ட நீண்ட பெயர்: உருவாக்கியவர், குடும்பம், தடிமன், சாய்வு என்று போய்க் கடைசி இரண்டில் குறியாக்கம். ஒரே கோப்புக்குப் பல வரிகள் வரும், குறியாக்கத்துக்கு ஒன்றாக. எனக்குத் தேவைப்பட்டது ஐஎஸ்ஓ 8859-1 என்று முடியும் வரி; மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான குறியாக்கம் அது, திஸ்கி எழுத்துகள் உட்கார்ந்திருப்பதும் அதன் இடங்களில்தான்.

மறுபடி எக்ஸ்செட். இந்த முறை சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. எழுத்துருவில் உள்ளவற்றைக் காட்டும் எக்ஸ்எஃப்டி நிரலில் அந்த நீண்ட பெயரைக் கொடுத்தேன். கட்டம் கட்டமாக எழுத்துகள். கீழ்ப் பாதியில், குறியிட்ட லத்தீன் எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் அ, ஆ, க, ங! அந்தக் காலத்து வளைவுகளோடு, கொஞ்சமும் சிதையாமல். அதைப் பார்த்தபோது வந்த மகிழ்ச்சி பெரிது.

பிறகு எக்ஸ்எடிட் என்ற உரைத்தொகுப்பியில் அதே எழுத்துருவோடு ஒரு கட்டுரையைத் திறந்தேன். 'கொடி' சரியாகவே வந்தது. எக்ஸின் இந்தப் பழைய முறையில் எழுத்துகளை இடம் மாற்றி அடுக்கும் வேலை நடக்காது, வந்த வரிசையில் வரையும். யூனிகோட் தமிழ் அங்கே ஒழுங்காக வராததற்கு அதுதான் காரணம். திஸ்கியிலோ ஒற்றைக் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிப்பதால் சிக்கல் இல்லை. ஆனால் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் தெரியவில்லை. திஸ்கியில் அவற்றின் இடம் 128க்கும் 159க்கும் இடையில்; 8859-1இல் அந்த இடங்களுக்கு எழுத்தே கிடையாது. எழுத்துருவில் அவை இருந்தாலும் இந்தப் பெயர் வழியாக வெளியே வராது.

யூனிகோடுக்கு மாற்றுவதற்கு, குறியாக்கம் மாற்றும் ஐகான்வ் கட்டளை போதும். லினக்ஸின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியோடு வரும் ஐகான்வுக்குத் திஸ்கி தெரியும். இப்போது இடப்பக்கம் எக்ஸ்எடிட்டில் மூலம், வலப்பக்கம் லோகித்தில் மாற்றிய உரை என்று வைத்துப் பத்தி பத்தியாக ஒப்பிட்டு வருகிறேன். கிரந்த எழுத்து வரும் சொற்களை மட்டும் தனியாகக் குறித்து அச்சு இதழோடு பார்க்கிறேன். எக்ஸ்செட்டில் சேர்த்த பாதை வெளியேறி மறுபடி நுழைந்தால் போய்விடும் என்பதால் அந்த வரியை, எக்ஸ் தொடங்கும்போது ஓடும் எக்ஸ்இனிட்ஆர்சி கோப்பில் எழுதிவிட்டேன். கோப்புறையில் புதிதாக ஏதாவது சேர்த்தால் இரண்டு கட்டளைகளையும் மறுபடி ஓட்டி, எக்ஸ்செட்டை எஃப்பி ரீஹேஷ் என்று கொடுத்தால் சேவையகம் பதிவேட்டைத் திரும்பப் படித்துக்கொள்ளும்.