கிழிந்த உறையில் மிஞ்சிய இரண்டு எழுத்து

ஏலத்தில் எடுத்த ஒரு பதக்கம் சொன்னபடி இல்லை என்று காட்டித் திரும்பக் கேட்ட பணம் போன வாரம்தான் வங்கிக் கணக்குக்கு வந்து சேர்ந்தது. ஏழு மாத அலைச்சல். இன்னொருவர் இதே பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காக, சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதல் உலகப் போர்ப் பதக்கம் சேர்ப்பவர்களுக்கு பிரிட்டிஷ் ராணுவப் பாதிரியார்களின் பதக்கங்கள் மேல் தனி ஆசை உண்டு. 1914 ஆகஸ்டில் அந்த ராணுவத்தில் இருந்த பாதிரியார்கள் 117 பேர். போர் முடியும்போது மூவாயிரத்துக்கும் மேல். பெரும்பாலோர் ஓராண்டு ஒப்பந்தத்தில் போன தற்காலிகப் பாதிரியார்கள். கையில் ஆயுதம் கிடையாது. காயம்பட்டவனைத் தூக்கி வருவதும், செத்தவனை அடக்கம் செய்வதும், அவன் அம்மாவுக்குக் கடிதம் எழுதுவதும்தான் வேலை. தியோடர் பெய்லி ஹார்டி ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு பிரான்ஸுக்குப் போய் விக்டோரியா கிராஸ், டி.எஸ்.ஓ., மிலிட்டரி கிராஸ் என்ற வீர விருதுகள் மூன்றும் வாங்கியவர். 1918 அக்டோபரில் காயத்தால் இறந்தார். அவரைப் பற்றிப் படித்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பித்து.

ஆகவே ஓர் ஏல நிறுவனத்தின் பட்டியலில் "பாதிரியார் ஒருவரின் மிலிட்டரி கிராஸ், பிரிட்டிஷ் வார் மெடல், விக்டரி மெடல்" என்று பார்த்ததும் கை நடுங்கியது. கமிஷன் சேர்த்து 1,300 பவுண்டு சொச்சம். எடுத்துவிட்டேன்.

வந்த அன்றே வழக்கமான சோதனைகள். வார் மெடல், விக்டரி மெடல் இரண்டின் விளிம்பிலும் "ரெவ்." என்று தொடங்கி, இரண்டு முதலெழுத்து, பிறகு வேல்ஸ் பக்கம் தெருவுக்குப் பத்துப் பேர் வைத்திருக்கும் ஒரு குடும்பப் பெயர். நம் சபைகளில் "கனம்" என்று போடுவோமே, அதுதான் இந்த "ரெவ்.". பழைய பெயரைச் சுரண்டிவிட்டு வேறு பெயர் அடித்திருந்தால் விளிம்பு அந்த இடத்தில் மெலிந்திருக்கும். வெர்னியர் அளவுகோல் வைத்துச் சுற்றிச் சுற்றி அளந்தேன், குறுக்களவு எங்கும் 36 மில்லிமீட்டர்தான். நல்ல பதக்கங்கள்.

சிக்கல் மிலிட்டரி கிராஸில். முதல் உலகப் போரில் அதைப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். சில குடும்பங்கள் பிறகு சொந்தச் செலவில் பொறித்துக்கொண்டதுண்டு. என்னிடம் வந்ததில் ஒன்றும் இல்லை. அதாவது அது யாருடையதாகவும் இருக்கலாம். அந்தப் பாதிரியாருக்கு அது கிடைத்தது என்பதற்குக் காகிதம்தான் சாட்சி.

காகிதமும் சட்டென்று கிடைத்தது. பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் அதே முதலெழுத்துகளோடு ஒரு பாதிரியாருக்கு மிலிட்டரி கிராஸ். கெஜட்டில் முழுப்பெயர் இருந்தது. யாருக்கு என்னென்ன பதக்கம் என்று குறித்துவைத்த அட்டைகள் பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உண்டு, அந்தப் பதக்க அட்டைகளில் அதே முழுப்பெயர். ஆங்கிலிக்கன் குருமாரின் பட்டியலான கிராக்ஃபர்டில் தேடினால் அங்கேயும் அவர், போர்க்காலப் பணியோடு. எல்லாம் பொருந்திவிட்டது என்று அன்று நிம்மதியாகத் தூங்கினேன். அதுதான் நான் செய்த முதல் தவறு. பொருந்துகிற ஒருவர் கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிட்டேன்.

உறுத்தியது ஒன்றே ஒன்று. அட்டைப்படி அவர் 1915லேயே பிரான்ஸுக்குப் போனவர். அந்த ஆண்டுகளிலேயே களத்துக்குப் போனவர்களுக்குக் கொடுத்த 1914-15 ஸ்டார் என்ற பதக்கம் அவருக்கு உண்டு. என் லாட்டில், அதாவது ஏலத்தில் எடுத்த தொகுப்பில், ஸ்டார் இல்லை. ஏல நிறுவனத்துக்கு போன் செய்தேன். எடுத்த பெண்மணி, "நூறு வருஷத்தில் ஒன்று தொலைந்திருக்கும், சகஜம்தானே" என்றார். சகஜம்தான். ஆனால் பதக்கம் பிரிந்து போனது என்று சொல்வது சுலபம், பிரிந்ததற்கு அத்தாட்சி கேட்டால் யாரிடமும் இருக்காது. விற்றவர் யார் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்.

சரி, ராணுவப் பாதிரியாரும் அதிகாரிதானே, அவருடைய அதிகாரி கோப்பைப் பார்ப்போம் என்று, அந்தக் காப்பகம் இருக்கும் லண்டன் கியூவுக்குக் கிளம்பினேன். திங்கட்கிழமை. வாசலில் போய் நின்ற பிறகுதான் ஞாயிறும் திங்களும் வாசிப்பறை கிடையாது என்று தெரிந்தது. முழுக்க என் தவறு. வேலைக்கு விடுப்பு போட்டு ரயில் ஏறிப் போன நாள் அப்படியே வீண். போகிறவர்கள் செவ்வாய் முதல் சனி வரை போங்கள். மூல ஆவணம் பார்க்க வாசகர் அட்டை வேண்டும். பெயருக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என்று இரண்டு சான்றுகள் கையில் இருக்கட்டும்.

இரண்டாம் முறை போனபோது அந்தச் சடங்குகள் எல்லாம் கால் மணி நேரத்தில் முடிந்தன. ஆனால் கோப்பு இல்லை. அதிகாரிகளின் முதன்மைக் கோப்புகள் 1940 குண்டுவீச்சில் எரிந்துபோயின. இன்று மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் கடிதப் போக்குவரத்துக் கோப்புகள், அவையும் எல்லோருக்கும் இல்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து லாட்டோடு வந்த அட்டைப்பெட்டியை மறுபடி கவிழ்த்தேன். ரிப்பன் சுற்றியிருந்த மெழுகுத்தாள், கூடவே பதக்கம் அனுப்பிய பதிவுத் தபால் உறையின் கிழிந்த மூலை. மூன்று மாதமாகக் குப்பை என்று ஒதுக்கி வைத்திருந்தது. பூதக்கண்ணாடியில் பார்த்தால், மங்கிய மையில் முதல் வரியின் வால்: எஸ், ஈ என்று இரண்டே ஆங்கில எழுத்து. அதன் கீழே ஊர்ப்பெயரின் கடைசி நாலு எழுத்து. முதல் வரி "ஹவுஸ்" என்று முடிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கிராக்ஃபர்டில் அந்த ஆங்கிலிக்கன் பாதிரியார் இருந்த எந்த ஊரும் அந்த நாலு எழுத்தில் முடியவில்லை.

அப்புறம்தான் பதக்க அட்டைகளை முதலிலிருந்து தேடினேன். அதே முதலெழுத்து, அதே குடும்பப் பெயர், அதே நான்காம் வகுப்புப் பாதிரியார் பதவி. இன்னொருவர்! முதல் தடவையே பட்டியலில் கீழே இருந்திருக்கிறார், முழுப்பெயர் இல்லை என்பதால் தாண்டிப் போயிருக்கிறேன். அவருக்கு ஸ்டார் கிடையாது. பதக்கம் இரண்டே இரண்டு.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். காப்பகத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் பதக்க அட்டையில் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும்தான் வரும். ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளத்தில் அதே அட்டை வண்ணத்தில், இரண்டு பக்கமும் இருக்கிறது. அதிகாரிகள் தங்கள் பதக்கத்தைத் தாங்களே விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும், அதனால் அவர்கள் அட்டையின் பின்பக்கத்தில் முகவரி எழுதியிருப்பது வழக்கம். திருப்பிப் பார்த்தேன். சாய்ந்த கையெழுத்தில் "த மேன்ஸ்", அடுத்த வரியில் ஓர் ஊர். உறைத் துண்டை எடுத்துத் திரையோரம் பிடித்தேன். "மேன்ஸ்" என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்து எஸ், ஈ. ஊர்ப்பெயரின் கடைசி நாலும் அச்சாகப் பொருந்தின. அந்த ராத்திரி ஒரு மணிக்கு மனைவியை எழுப்பிக் காட்டினேன்.

அந்த ஒரு சொல்லிலேயே இன்னொரு விடையும் இருந்தது. ஆங்கிலிக்கன் குருவானவர் குடியிருப்பது விகரேஜிலோ ரெக்டரியிலோ. மேன்ஸ் என்றால் மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரெஸ்பிடேரியன் இப்படி வேறு சபைக்காரர். நான் நாள்கணக்கில் புரட்டிய கிராக்ஃபர்டில் இவர் எந்தக் காலத்திலும் இருந்திருக்க முடியாது. பாதிரியார் பதக்கம் வாங்குகிறவர்கள் முதலில் அவர் எந்தச் சபை என்று கண்டுபிடியுங்கள், பதக்கத்தின் விளிம்பு அதைச் சொல்லாது. வார் மெடலிலும் விக்டரி மெடலிலும் அதிகாரிகளுக்குப் படைப்பிரிவுகூடப் பொறிப்பதில்லை. என்னுடையவர் வெஸ்லியன் மெதடிஸ்ட். அந்தச் சபையின் வருடாந்தர மாநாட்டுக் குறிப்புகளில் ஒவ்வொரு ஆண்டும் அவர் எந்த ஊரில் பணியில் இருந்தார் என்பது வரிசையாகக் கிடைத்தது. ஊரும் ஒத்துப்போனது.

ஆக, என் கையில் இருந்தது ஒருவருடைய இரண்டு பதக்கங்கள், அவற்றோடு யாருடையது என்றே சொல்ல முடியாத ஒரு மிலிட்டரி கிராஸ். யாரோ கெஜட்டைப் பார்த்துச் சேர்த்துவைத்த ஜோடனை.

ஏல நிறுவனத்துக்கு எல்லா நகலையும் அனுப்பினேன். மூன்று வாரம் பதில் இல்லை. பிறகு "பட்டியல் விவரங்கள் கருத்து மட்டுமே" என்று இரண்டு வரி. திரும்ப எழுதினேன், இந்த முறை இரண்டு அட்டைகளையும் உறைத் துண்டின் படத்தையும் ஒரே பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி விளக்கத்தோடு. தனித்தனியாகப் பத்து இணைப்பு அனுப்பினால் யாரும் திறந்து பார்ப்பதில்லை, ஒரே பக்கம்தான் வேலை செய்தது. மேலாளரே கூப்பிட்டார். மூன்றையும் அனுப்பிவிடுங்கள், முழுப் பணமும் தருகிறோம் என்றார்.

நான் மாட்டேன் என்றேன். மூன்றும் சேர்ந்து போனால் மூன்றும் சேர்ந்தே மறுபடி விற்பனைக்கு வரும். இரண்டு பதக்கங்களுக்கு நியாயமான விலையைப் பிடித்துக்கொண்டு கிராஸுக்கான பணத்தை மட்டும் கொடுங்கள், அதைப் பெயரில்லாத கிராஸ் என்றே விற்கவேண்டும் என்று கேட்டேன். இன்னும் ஐந்து வாரம் இழுத்து ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன்.

மூன்றையும் ஒன்றாகத் தைத்திருந்த பட்டையை நானே மெல்லப் பிரித்தேன். நூல் புதிது, பளபளக்கும் பாலியஸ்டர். அதை முதல் நாளே பார்த்திருக்க வேண்டும். கிராஸ் போய்விட்டது. இரண்டு பதக்கங்களையும் துடைக்காமல், பழைய கறையோடு, அட்டைப்பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். உறைத் துண்டுக்குத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கினேன்.