ஊசி கேட்டுத் தஞ்சாவூர் போன கதை

காலையில் முளைவிதை தெளித்த குறுவை நாற்றங்காலிலேயே சாயங்காலம் இன்னொரு மூட்டையைக் கொட்டித் தெளித்துவிட்டு வந்தார் அப்பா. ஐம்பது வருஷமாக வெள்ளாமை பார்க்கிறவர். அன்றுதான் எங்களுக்கு உறைத்தது. அதுவரை ஒன்றரை வருஷம் "வயசாச்சுல்ல" என்றே ஓட்டியிருந்தோம். நடுவில் ஓர் இடத்தில் மூளைக்கு ஊசி என்று வாரம் ஒன்றாகப் பத்து போட்டார்கள். பிறகு சீட்டைப் பார்த்தால் பி12 வைட்டமின். அது குறைந்தாலும் மறதி வரும் என்பது உண்மைதான். ஆனால் குறைகிறதா என்று ரத்தத்தில் பார்க்கவே இல்லையே!

அண்ணன் சிங்கப்பூரிலிருந்து, "அல்சைமர் மறதி நோய்க்குத் தடுப்பூசி வந்துடுச்சாம், கேளு" என்று சொல்லிவிட்டான். அதை நம்பித்தான் பாபநாசத்திலிருந்து தஞ்சாவூருக்குக் கார் வைத்துப் போனோம்.

முதலில் தைராய்டு, சர்க்கரை, பி12. அப்புறம் எம்ஆர்ஐ. வெள்ளி அரைஞாணைக் கழற்ற மாட்டேன் என்று அப்பா பிடித்த பிடியில் அரை மணி போனது.

மறுமுறை போனபோது நரம்பியல் டாக்டர் கேள்விகள் கேட்டார்.

"ஐயா, இன்னிக்கு என்ன தேதி?"

"ஆத்துல தண்ணி வந்து ஆறு நாள்."

எண்ணிப் பார்த்தேன், சரிதான். டாக்டரும் சிரித்துவிட்டார். ஆனால் மாதம் தெரியவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னால் தொண்ணூற்று மூன்றோடு நின்றுவிட்டார். கலமும் மரக்காலும் மனக்கணக்காகப் போட்டவர். கடிகாரம் வரையச் சொன்னதற்கு எல்லா எண்ணையும் ஒரே பக்கம் அடுக்கினார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

அல்சைமர்தான், நடுக்கட்டத்துக்கு வந்துவிட்டது என்றார் டாக்டர். ஊசியைக் கேட்டேன். அவர் அவசரப்படாமல் சொன்னார். இந்த நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்ற புரதத்தை உடம்பே எதிர்க்கும்படி செய்யும் தடுப்பூசி, 1999இல் எலிகளில் நன்றாக வேலை செய்ததாம். மனிதர்களுக்குப் போட்டுப் பார்த்தபோது, சுமார் 300 பேரில் 18 பேருக்கு மூளையில் அழற்சி வந்து 2002இல் நிறுத்திவிட்டார்கள். அந்தத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் சிலர் பிற்பாடு இறந்தபோது மூளையைப் பரிசோதித்தால் படிவு கிட்டத்தட்ட முழுக்கக் கரைந்திருந்ததாம். ஆனால் அவர்களுக்கும் மறதி கடைசிவரை முற்றிக்கொண்டேதான் போயிருக்கிறது. எனக்கு அந்த இடத்தில்தான் நெஞ்சு அடைத்தது. அடுத்த தலைமுறைத் தடுப்பூசிகள் இன்னும் சோதனையில்தான் இருக்கின்றன.

"அப்ப அண்ணன் சொன்னது?"

"அது லெகானெமாப் மாதிரி மருந்தா இருக்கும்மா. தடுப்பூசி இல்ல. அமிலாய்டுக்கு எதிரா வெளியே தயாரிச்ச எதிர்ப்பொருளை ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை நரம்புல ஏத்துவாங்க. அமெரிக்காவுல 2023லயே அனுமதிச்சுட்டாங்க. ஆரம்பக் கட்டத்துக்குத்தான் அது. நோய் போகிற வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான். மூளையில வீக்கமோ ரத்தக்கசிவோ வருதான்னு அடிக்கடி ஸ்கேன் பண்ணணும். அப்பா இதயத்துக்காக ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறார். அவருக்கு நான் தரமாட்டேன்."

ஒன்றரை வருஷம் முன்பே வந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன். அந்த இதய மாத்திரை அப்போதும் இருந்தது என்பது நினைவுக்கு வந்து விட்டுவிட்டேன்.

ராத்திரிக்கு டோனெபெசில் என்ற மறதி மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பும் வழியில் அப்பா, "தஞ்சாவூருக்கு எதுக்குப் போனோம்?" என்று மூன்று தடவை கேட்டார்.

இப்போது விதை அறைச் சாவி என் இடுப்பில். கேட்கும்போதெல்லாம், "நாளைக்குத்தாம்ப்பா விதை விடணும்" என்கிறேன்.