265/70R17 ஏறிவிட்டது, உரசல்தான் இறங்க மாட்டேன் என்கிறது

பிக்கப்புக்கு 265/70R17 அளவில் நான்கு டயரும் மாட்டியாயிற்று (அகலம் 265 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 17 அங்குலம்). வண்டியைத் தரையில் நிறுத்தி ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்தால் எங்கும் உரசவில்லை. ஓட்டும்போது, மெதுவாகத் திரும்பிக்கொண்டே பிரேக்கில் கால் வைத்தால் மட்டும் இடது முன்சக்கரத்தில் 'சரக்' என்று ஒரு சத்தம். சக்கரக் குழியை மூடும் உள்பக்க பிளாஸ்டிக் லைனரின் பின்புறக் கீழ் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்குக் கருப்புத் தீற்றல். மூன்று தடவை கழற்றி மாட்டிய பிறகுதான் காரணம் பிடிபட்டது. அதற்கு முன், இந்த அளவுக்கு வந்த கணக்கு.

கம்பெனி அளவு 265/65R17, வெளிவிட்டம் 776 மி.மீ. 70 சீரிஸுக்குப் போனால் 803. வித்தியாசம் 27 மி.மீ. என்றாலும் வண்டி உயர்வது அதில் பாதிதான். டிஃபரன்ஷியலுக்கு (ஆக்ஸில் நடுவில் இரண்டு சக்கரத்துக்கும் விசையைப் பிரிக்கும் கியர்ப் பெட்டி) அடியில் கூடுதலாகக் கிடைப்பதும் அந்த 13 மி.மீ. மட்டுமே. இரண்டு அங்குலம் தூக்கியதுபோலத் தெரிந்தால் அது பட்டன் (டயரின் மேல்பரப்பில் இருக்கும் ரப்பர்க் கட்டிகள்) காட்டும் மாயை. ஓடோமீட்டர் 1000 கி.மீ. காட்டும்போது உண்மையில் 1034 ஓடியிருக்கும். டயர் மாற்றியதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்று புலம்புகிறவர்கள் முதலில் இந்த 34-ஐச் சேர்த்துவிட்டுப் புலம்பலாம். 285/70R17 பார்க்க அழகுதான். ஆனால் அது 831 மி.மீ. சஸ்பென்ஷன் உயர்த்தாமல் அதைத் தொடுவது வீண் வம்பு.

அளவு முடிவான பிறகு எல்லோரும் பட்டன் டிசைனில் போய் விழுவார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், இருக்கும் லோடு எண். ஒரே 265/70R17 முக்கியமாக மூன்று விதமாகக் கிடைக்கிறது. முன்னால் எல்டி (லைட் டிரக்) என்ற எழுத்து இல்லாத சாதாரண வகை, லோடு எண் 115: 36 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் 1215 கிலோ தாங்கும். எல்டி, லோடு ரேஞ்ச் சி, எண் 112: 50 பிஎஸ்ஐயில் 1120 கிலோ. எல்டி, லோடு ரேஞ்ச் இ, எண் 121: 80 பிஎஸ்ஐயில் 1450 கிலோ.

இந்த மூன்று வரியை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தால் விஷயம் விளங்கும். இ ரேஞ்சைப் பத்து பிளை (அடுக்கு) டயர் என்று மார்தட்டி வாங்கி, கதவோர ஸ்டிக்கரில் சாதாரண டயருக்குப் போட்டிருக்கும் காற்றையே அதிலும் அடித்தால், அது சாதாரண டயரைவிடக் குறைவான எடையைத்தான் தாங்கும். எடையைத் தாங்குவது காற்று. பிளை செய்வதெல்லாம் அவ்வளவு காற்றை அடைத்து வைக்க இடம் கொடுப்பதுதான். எல்டி போட்டால் ஸ்டிக்கர் எண்ணை மறந்துவிட்டு, டயர் கம்பெனியின் லோடு அட்டவணையைப் பார்த்துக் காற்று வைக்க வேண்டும். சுமை ஏற்றாத பிக்கப்பின் பின்பக்கம் ஏற்கெனவே லேசு. அதில் இ ரேஞ்ச் டயரை 50-க்கு மேல் அடித்து ஓட்டினால் சின்னப் பள்ளத்துக்கும் பின்பக்கம் துள்ளும். சாதாரண வகையைவிட ஒரு டயருக்குச் சுமார் 5 கிலோ கூடுதல் எடை வேறு, அதுவும் சுழலும் எடை. பிரேக்குக்கும் எஞ்சினுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் நேரடிச் சுமை. தினமும் கூரான கற்பாறை மேல் ஏறுகிறவர்களுக்கும், முழு லோடோடு டிரெய்லர் இழுப்பவர்களுக்கும் இ ரேஞ்ச் நியாயம். சரளை, மணல், மழைக்காலச் சேறு, மிச்ச நேரம் தார்ச்சாலை என்றால் 115 போதும். இந்த வண்டிக்குப் போட்டதும் அதுதான்.

இனி உரசல். உரசும் இடம் தெரிய பிளாஸ்டிசின் களிமண்தான் சரியான கருவி. லைனரின் பின்புறம், அதற்குப் பின்னால் இருக்கும் பாடி மவுண்ட் (பாடியைச் சேஸிஸோடு பிணைக்கும் இடம்), மட்ஃபிளாப்பின் உள்விளிம்பு, பம்பரின் பின்மூலை என நான்கு இடத்திலும் 15 மி.மீ. தடிமனுக்கு அப்பினால் போதும். இடத்தைத் துடைத்துக் காயவிட்டு அப்ப வேண்டும், இல்லாவிட்டால் களிமண் டயரோடு போய்விடும். முதல் சோதனை நின்ற இடத்தில் செய்தது: இடது முன்சக்கரமும் வலது பின்சக்கரமும் மரக்கட்டை மேல், ஸ்பிரிங் நன்றாக அமுங்கிய நிலை, ஸ்டீயரிங் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு. களிமண் மிக நசுங்கிய இடத்தில் 6 மி.மீ. மிச்சம். போதும் என்றுதான் தோன்றியது.

அங்கேதான் ஏமாற்றம். வண்டி முன்னால் போகும்போது பிரேக் பிடித்தால் தரை டயரைப் பின்னோக்கித் தள்ளுகிறது. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர்தானே, அது கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். சக்கரம் மொத்தமாகச் சில மி.மீ. பின்னால் நகரும், கூடவே மூக்கு தாழ்ந்து ஸ்பிரிங்கும் அமுங்கும். நின்ற இடத்தில் எவ்வளவு ஒடித்தாலும் இந்த நகர்வு வராது. புதுக் களிமண் அப்பி, ஆளில்லாத திறந்த வெளியில் 10 கி.மீ. வேகத்தில் திரும்பிக்கொண்டே பிரேக் பிடித்துப் பார்த்தபோது, அதே இடத்தில் களிமண் காகிதம்போல மெலிந்து, நடுவில் பட்டனின் சதுர முனை அச்சாகப் பதிந்திருந்தது. இன்னொன்றும் தெரிந்தது: மோசமான கோணம் முழு ஒடிப்பு இல்லை, அதற்குச் சற்று முன்னால். டயரின் வெளித்தோள் (மேல்பரப்பும் சைடுவாலும் சேரும் வெளிமூலை) லைனரைக் கடந்து போகும் இடம் அது.

தோள் என்றதும் ஒரு குறிப்பு. அளவு எண் ஒன்றாக இருந்தாலும் எல்லா டயரும் ஒரே உருவம் இல்லை. ஹைவே டயரின் தோள் வளைந்து இறங்கும். ஆல் டெரெய்னில் சதுரமாக வெட்டி நிற்கும், சிலவற்றில் பட்டன் சைடுவால் வரை வழிந்து வரும். உரசுவது அந்த மூலைதான். 265 என்பதும் பெயரளவு. இந்த அளவின் அளவீட்டு ரிம் (டயர் அகலத்தை அளக்க நிர்ணயித்த ரிம்) 8 அங்குல அகலம், அதில் மாட்டினால் அகலம் 272 மி.மீ. வரும். ரிம் அரை அங்குலம் மாறினால் அகலம் சுமார் 5 மி.மீ. மாறும். ரிம் ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம்) 30 மி.மீ.-லிருந்து 20 ஆக்கி சக்கரத்தை 10 மி.மீ. வெளியே தள்ளினால் உரசல் தீரும் என்று ஒரு யோசனை சுற்றிவருகிறது. உள்பக்கம் சஸ்பென்ஷன் ஆர்மில் உரசினால் அது உதவும். இங்கே உரசுவது வெளித்தோள். வெளியே தள்ளினால் திரும்பும்போது அது போடும் வட்டம் பெரிதாகி இன்னும் பலமாக இடிக்கும்.

தீர்வு இரண்டு கட்டமாக. லோயர் ஆர்மின் கேம் போல்ட்டை (திருப்பினால் ஆர்மை நகர்த்தும் போல்ட்) திருப்பி ஆர்மின் முனையை முன்னால் தள்ளினால் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) கூடும், சக்கரமும் சில மி.மீ. முன்னால் போகும். அலைன்மென்ட்டில் கேஸ்டர் முதலில், பிறகு கேம்பர் (சக்கரம் உள்ளே வெளியே சாயும் கோணம்), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் நோக்கும் திசை) கடைசியில். முதல் இரண்டைத் தொட்டாலே டோ மாறிவிடும் என்பதால் இந்த வரிசையை விடக்கூடாது. இடதுக்கும் வலதுக்கும் கேஸ்டர் வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்காது. முன்பக்க பம்பர் மூலையில் இடம் குறைந்திருக்கும், அங்கேயும் களிமண் வைத்து, ரிவர்ஸில் பிரேக் பிடித்துப் பார்ப்பது அவசியம். ரிவர்ஸில் சக்கரம் எதிர்ப்பக்கம் நகரும்.

இரண்டாவது, லைனர். கிளிப்புகளைக் கழற்றி, பின்னால் ஒயரோ வாஷர் டேங்க்கோ இல்லை என்று பார்த்துவிட்டு, ஹீட் கன்னை ஆட்டிக்கொண்டே காட்ட வேண்டும். பிளாஸ்டிக் லேசாகப் பளபளக்கும், அதுதான் பதம். புகை வந்தால் பதம் தப்பிவிட்டது. மரக்கட்டையால் உள்ளே அழுத்தி, ஆறும் வரை கை எடுக்கக்கூடாது. சூட்டோடு விட்டால் பழைய வடிவத்துக்கே திரும்பிவிடும், ஒரு தடவை அப்படித்தான் ஆனது. இடது பக்கம் இப்போது சத்தம் இல்லை. வலதில் மட்ஃபிளாப் விளிம்பு இன்னும் லேசாகத் தொடுகிறது, 10 மி.மீ. வெட்டினால் தீரும்.

டயர் எடுக்கும்போது சைடுவாலில் டாட் (DOT) என்பதற்குப் பின் வரும் கடைசி நான்கு இலக்கத்தைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். 2324 என்றால் 2024-இன் 23-வது வாரத்தில் செய்தது. ஒரு கடையில் நான்கில் ஒன்று மட்டும் மூன்று வருடம் பழையதாக இருந்தது, கேட்ட பிறகுதான் மாற்றிக் கொடுத்தார்கள். தேதி ஒரு பக்கச் சைடுவாலில்தான் முழுதாக இருக்கும். அது உள்பக்கமாகப் போய்விட்டால் அப்புறம் வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுக்க வேண்டும்.

காற்று இன்னும் முடிவாகவில்லை. குளிர்ந்த டயரில் 36 வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிய பிறகு 39 காட்டுகிறது. 4 பிஎஸ்ஐக்கு மேல் ஏறினால் காற்று குறைவு என்பது பழைய கைக்கணக்கு, ஆக இப்போதைக்குச் சரி. டிரெட் (தரையில் படும் மேல்பரப்பு) குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு நேராக ஓட்டியதில் முன்பக்கம் கோடு சீராக அழிந்தது, பின்பக்கம் ஓரங்களில் மிச்சம் நின்றது. காலி வண்டிக்குப் பின்னால் காற்று கூடுதல் என்று அர்த்தம். ஸ்டிக்கர் எண்ணுக்குக் கீழே போகாமல் 2 பிஎஸ்ஐ இறக்கிப் பார்க்கலாம். மணலுக்கு 18 வரை இறக்கும் சோதனை அடுத்து. அப்போது டயர் தரையில் பதியும் தடம் அகலமாவதைவிட நீளமாவதுதான் அதிகம் என்பதை மாவு தூவி அளந்து காட்ட ஆசை.

ஸ்டெப்னிதான் மிச்சம். பழைய 776 இன்னும் வண்டிக்கு அடியில் தொங்குகிறது. 27 மி.மீ. வித்தியாசத்தோடு பின் ஆக்ஸிலில் மாட்டி தூரம் ஓட்டினால் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுழன்று சூடாகும், ஃபோர் வீலில் போட்டால் இன்னும் மோசம். புது அளவு அந்த இடத்தில் நுழையுமா என்று அட்டையில் 803-க்கு வட்டம் வெட்டி வைத்துப் பார்த்தாயிற்று: பம்பர் பக்கம் இரண்டு விரல் இடம் இருக்கிறது, எக்ஸாஸ்ட் பக்கம் ஒரு விரல்கூட இல்லை. எக்ஸாஸ்ட் பைப்பைத் தாங்கும் ஹேங்கரை எவ்வளவு நகர்த்த முடியும் என்பதைப் பைப்பைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.