முதுகில் சொடக்கு எடுக்க மதுரைக்குப் போன கதை

காரைக்குடிக்கும் ஆத்தங்குடிக்கும் பைக்கில் அலைவதுதான் என் பிழைப்பு. பட்டறையில் டைல்ஸ் தூக்கிக் கொடுக்கப் போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. மாத்திரைக்கு மசியவில்லை. அப்பத்தா சுளுக்கு எடுப்பவரிடம் போகச் சொன்னார்கள். நானோ கைரோபிராக்டிக், அதாவது முதுகெலும்பு மூட்டுகளைக் கையால் சட்டென அழுத்திச் செய்யும் சிகிச்சை, பார்க்கலாமென்று மதுரைக்கு பஸ் ஏறினேன்.

போனவுடன் நெட்டி முறிப்பார்கள் என்று நினைத்தால், வெகுநேரம் கேள்விதான். கால் மரத்துப்போகிறதா? எலும்பு பலவீனம் உண்டா? ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா? சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு இல்லை என்று பதில் சொன்னால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்புறம் மல்லாக்கப் படுக்கவைத்து, காலை நீட்டியபடியே உயர்த்திப் பார்த்தார்கள். இதெல்லாம் கேட்காமல் முதுகில் கை வைக்கிற இடமென்றால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

சிகிச்சை என்னவோ சில நொடிகள்தான். ஒருக்களித்துப் படுத்து மேல்காலை மடக்கச் சொன்னார் சிகிச்சை செய்பவர். தோளைப் பிடித்துக்கொண்டு, மூச்சை விடும்போது இடுப்பில் சட்டென ஓர் அழுத்து. 'டக்'! வலிக்கவில்லை, பயந்துதான் போனேன். விலகிய எலும்பு பொருந்துகிற சத்தமல்ல அது. மூட்டு சட்டென விரியும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் அழுத்தம் குறைந்து வாயுக்குமிழி உண்டாகிறது. 2015-இல் கனடாவில் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்தே இதைக் காட்டியிருக்கிறார்கள். சத்தம் வராவிட்டால் பலன் இல்லை என்றும் அர்த்தமில்லை.

"கழுத்தையும் எடுத்துடலாமா சார்?" என்றார். வேண்டாமென்றேன். கழுத்தைத் திருகும்போது ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் உண்டு. அபூர்வம்தான், ஆனாலும் வலிக்காத கழுத்தை ஏன் கொடுப்பானேன்?

சுவரில் சர்க்கரை, தைராய்டுக்கெல்லாம் தீர்வு என்று எழுதியிருந்தது. 1895-இல் அமெரிக்காவில் இதைத் தொடங்கிய பால்மரும் ஏறக்குறைய எல்லா நோய்க்கும் முதுகெலும்பைத்தான் காரணம் சொன்னார். அதற்கு ஆதாரமில்லை. இடுப்புவலிக்கு ஓரளவு கேட்கும், அவ்வளவுதான்.

மறுநாள் அடித்துப்போட்ட மாதிரி உடம்புவலி. இரண்டொரு நாள் அப்படி இருப்பது சகஜமாம். பிறகு குனிய நிமிர முடிந்தது. தானாகவே சரியாகியிருக்குமோ என்ற சந்தேகமும் எனக்கு இருக்கிறது. மொத்தமாகப் பணம் கட்டினால் தள்ளுபடி என்றார்கள், கட்டவில்லை. இப்போது காரைக்குடியிலேயே ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த இடுப்புப் பயிற்சியைச் செய்துகொண்டிருக்கிறேன்.